அவனோடு இப்போது வராதே

செல்லூர், மதுரை.
20-2-1999

சௌபாக்கியவதி சுலோசனாவுக்கு, அத்தை வசுந்தரா ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

நீயும் குழந்தை வர்ஷினியும் சேலத்தில் அப்பா அம்மாவோடு சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குழந்தையின் உள்ளங்கைப் புண் ஆறிவிட்டதா? தோல் உரிகிற சமயத்தில் சொறிய விடாதே. தேங்காயெண்ணெய் மட்டும் தடவு.

இங்கே எல்லோரும் சுகம் என்று வழக்கம்போல எழுதிவிட்டு மேலே போக முடியவில்லை. போனில் சொல்லிவிடலாம் என்று எஸ்.டி.டி. பூத் வரைக்கும் போனேன். உன் அப்பா எடுத்தார். குழந்தையை விசாரித்துவிட்டு வைத்துவிட்டேன். வீட்டில் நாம் பேசுகிற பாஷையை எனக்கு எழுதத் தெரியாது. தமிழில் எழுதினால் என் பேச்சு விறைப்பாகத் தெரியும். பொறுத்துக்கொள்.

எல்லாம் சரியாகிவிட்டது, அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வந்து உங்கள் இருவரையும் கூட்டிவருகிறேன் என்று ஹரிராம் உனக்குக் கடிதம் போட்டிருக்கிறானாம். அவனே என்னிடம் சொன்னான். சுலோசனா, அவன் வந்தால் சோறு போடு. குழந்தையைக் கொஞ்ச விடு. ஆனால் அவனோடு இப்போது வராதே. பெற்ற தாய் இப்படி எழுதுவாளா என்று உனக்குத் தோன்றும். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் யோசி.

குழந்தை கையைச் சுட்டுக்கொண்ட அன்று நீ அழுதபடி சொன்னது என் காதிலேயே நிற்கிறது. மோட்டார் காயில் கட்டுகிற கடையில் பிள்ளையை வைத்துக்கொண்டு, பற்றவைக்கிற கம்பி பழுக்கச் சூடாகிக் கிடக்கும்போது, உட்கார்ந்தபடியே ஒருத்தன் தூங்குவானா என்று கேட்டாய். குடித்திருக்கிறான் என்றாய். நானும் அவன் வாயை முகர்ந்து பார்த்தேன். வாடை இல்லை. அசதி என்று உன்னைச் சமாதானப்படுத்தினேன். எனக்கு வேறு எதுவும் தெரியாது.

போன செவ்வாய்க்கிழமை பக்கத்து வெல்டிங் பட்டறை சேக் இஸ்மாயில் அவனைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கொண்டுவந்தார். கடையின் பின்பக்கம் சாக்கடை ஓரம் விழுந்து கிடந்தானாம். இஸ்மாயில் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அம்மா, ஹரி குடிக்கலை. குடிச்சிருந்தா நானே ரெண்டு அறை விட்டு இழுத்து வந்திருப்பேன். கையில ஊசி குத்துனபடியே கெடந்துச்சும்மா. நான்தான் உருவிப் போட்டேன்." அவன் முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டார். நான் பெற்று எண்ணெய் தேய்த்து வளர்த்த கை அது. முழங்கை மடிப்பில் நரம்பெல்லாம் கயிறு மாதிரி தடித்துக் கறுத்திருந்தது. ஓர் இடத்தில் சீழ் வைத்திருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து அவன் தொடையெலும்பு முறிந்தது இல்லையா? ஆஸ்பத்திரியில் வலிக்குப் போட்ட ஊசியில் ஆரம்பித்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் நிறுத்திவிட்டார்கள். இவன் நிறுத்தவில்லை. சீட்டு இல்லாமலே ஒரு மருந்துக்கடையில் வாங்கியிருக்கிறான். முதலில் வலி வந்தால் போட்டது, பிறகு வலி வந்துவிடுமோ என்று போட்டது, கடைசியில் போடாவிட்டால் எழுந்து நிற்க முடியவில்லை என்று போட்டது. இதை அவனே அழுதுகொண்டே சொன்னான்.

அவன் சட்டைப்பையிலிருந்த காலிக் கண்ணாடிக் குப்பியை எடுத்துக்கொண்டு நான் அந்தக் கடைக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். கவுண்டரில் குப்பியை வைத்ததும் கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "ஹரி அண்ணனுக்கா? எத்தனைம்மா வேணும்?" என்று சாதாரணமாகக் கேட்டார். குப்பியை எடுத்துக்கொண்டேன். அப்படியே திரும்பி வந்துவிட்டேன்.

இப்போது நினைத்துப் பார்த்தால் எல்லாம் கண்முன்னால்தான் நடந்திருக்கிறது. சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டை. நட்டுவைத்த மாதிரி உட்கார்ந்து தலை தொங்குவது. கண்ணின் கருமணி கடுகு போலச் சுருங்கிக் கிடப்பது. மூக்கைத் தேய்த்துக்கொண்டே இருப்பது. நாள் கணக்கில் மலச்சிக்கல். நான் விளக்கெண்ணெய் கொடுத்தேன், சுலோசனா. நீ அவனுக்குக் கண்ணாடி போட வேண்டும் என்று கண் டாக்டரிடம் கூட்டிப்போனாய். நம் இரண்டு பேருக்கும் வீட்டுக்குள் இப்படி ஒன்று வரும் என்று யார் சொல்லித்தந்தார்கள்?

கடைசியாக ஒன்று. எழுதக் கை கூசுகிறது. ஒரே ஊசியை மூன்று நான்கு பேர் மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார்கள். எய்ட்ஸ் கிருமியும் ஈரலைக் கெடுக்கிற மஞ்சள்காமாலைக் கிருமியும் அந்த வழியாக வரும், ஆண்பிள்ளைக்கு வந்தால் மனைவிக்கும் வரலாம் என்று, அவன் கைச் சீழைக் காட்டப் போன இடத்தில் டாக்டர் சொன்னார். நீ உடனே இரத்தம் கொடுத்துப் பார். மூன்று மாதம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டுமாம். அம்மாவிடம் மட்டும் சொல்லி அவளைத் துணைக்குக் கூட்டிப்போ. வெட்கப்பட்டுத் தள்ளிப்போடாதே. நீ எந்தத் தப்பும் செய்யவில்லை.

முடிவு தெரிகிறவரை எனக்குச் சோறு இறங்காது. பெருமாள் உன்னையும் குழந்தையையும் பக்கத்தில் நின்று காக்கட்டும்.

உன் அத்தை,
வசுந்தரா

*

செல்லூர், மதுரை.
12-6-1999

சௌபாக்கியவதி சுலோசனாவுக்கு, அத்தையின் ஆசீர்வாதம்.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. இரண்டாம் தடவை பார்த்ததிலும் உன் இரத்தத்தில் ஒரு கிருமியும் இல்லை என்று நீ எழுதியிருந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். படித்துவிட்டுக் கடிதத்தைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். ஹரிராமுக்கும் எய்ட்ஸ் கிருமி இல்லை. ஈரலில் காமாலைக் கிருமி மட்டும் இருக்கிறது. எண்ணெய்ப் பண்டத்தை நிறுத்திவிட்டு மருந்து சாப்பிடுகிறான்.

இந்தப் பழக்கத்தை விடவைக்கிற பசுமலைப் பக்கத்து மருத்துவமனையில் அவனைச் சேர்த்த சமயத்தைப் பற்றி நான் உனக்கு எழுதவே இல்லை. இப்போது எழுதலாம் என்று தோன்றுகிறது. முதல் நாள் சளிப் பிடித்தவன் மாதிரிதான் இருந்தான். மூக்கும் கண்ணும் ஒழுகின. கொட்டாவி விட்டுக்கொண்டே இருந்தான். மறுநாள் உடம்பு முழுக்க மயிர்க்கூச்செறிந்து, உரித்த கோழித் தோல் போல ஆகிவிட்டது. வயிற்றுப்போக்கு, வாந்தி. கால் எலும்புக்குள் யாரோ ரம்பம் வைத்து அறுக்கிற மாதிரி இருக்கிறது என்று கட்டிலை உதைத்தான். "ஒண்ணே ஒண்ணு போடச் சொல்லும்மா, இனிமே கேக்க மாட்டேன்" என்று என் காலைப் பிடித்துக்கொண்டான். நான் வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன்.

அங்கே இருக்கிற டாக்டரம்மா வயதில் உன்னைவிடக் கொஞ்சம்தான் பெரியவர். அவர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "இந்தக் கஷ்டம் ஒரு வாரம் பத்து நாள்ல அடங்கிரும்மா. அதுக்கப்புறம்தான் வேலையே. ஒடம்பு விட்டாலும் மனசு கேட்டுக்கிட்டே இருக்கும். இதைக் குணக்கேடுன்னு நெனைச்சு ஏசாதீங்க. சர்க்கரை வியாதி மாதிரி கூடவே வச்சுப் பாத்துக்கிற நோய்" என்றார்.

இன்னொன்றும் சொன்னார். அதை அவனை உட்காரவைத்தே சொன்னார். மருந்தை விட்டவர்கள் உடம்பு அதன் பழக்கத்தை மறந்துவிடுமாம். பழைய அளவை நினைத்துக்கொண்டு ஒரு தடவை போட்டாலும் அது மூச்சை நிறுத்திவிடுமாம். "முன்னே தாங்குச்சேன்னு நெனைச்சிராதீங்க ஹரிராம். இப்ப உங்க ஒடம்பு புது ஒடம்பு" என்றார். அவன் தலையை ஆட்டினான்.

வீட்டுக்கு வந்து நன்றாகத்தான் இருக்கிறான். கன்னத்தில் சதை வைத்திருக்கிறது. அரைக்கைச் சட்டை போடுகிறான். தழும்பைப் பார்த்து யாராவது கேட்டால் பட்டறையில் பட்ட காயம் என்கிறான். கடையைத் திறந்துவிட்டான். இஸ்மாயில் காலையில் இவன் ஷட்டரைத் தூக்குகிற சத்தம் கேட்டால்தான் தன் வேலையை ஆரம்பிக்கிறார். மத்தியானம் இரண்டு பேரும் சேர்ந்துதான் சாப்பிடுகிறார்கள். வாரம் ஒரு தடவை பசுமலைக்குப் போய்த் தன்னைப் போன்றவர்களோடு உட்கார்ந்து பேசிவிட்டு வருகிறான். திரும்பி வருகிற அன்று மட்டும் அதிகம் பேசமாட்டான்.

போன மாதம் சேலத்துக்கு வந்து உங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பினானே, அன்றிலிருந்து உன் மகள் பேச்சுதான். ஏற்காட்டில் குரங்கு அவள் கையிலிருந்த கடலையைப் பிடுங்கியது, அவள் அழாமல் குரங்கையே திட்டியது எல்லாவற்றையும் நடித்துக் காட்டினான். அவன் அப்படிச் சிரித்து எத்தனை நாளாகிறது! "சுலோ என்னை நம்பிட்டாளாம்மா? அவ மொகத்தப் பாத்தா தெரியலை" என்று கேட்டான். எனக்குத் தெரியாது, அவளிடமே கேள் என்றேன். பயமாக இருக்கிறது என்றான்.

நீ எப்போது வரலாம் என்று எழுதிக் கேட்டிருக்கிறாய். டாக்டரம்மாவிடமும் கேட்டேன். அவசரப்பட வேண்டாம், இன்னும் சில மாதம் போகட்டும், வருவதும் போவதுமாக இருக்கட்டும் என்கிறார். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. வர்ஷினியை அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடு. ஒரு வருஷம் அங்கே படித்தால் ஒன்றும் குறைந்துபோகாது. தீபாவளிக்கு இங்கே எல்லோரும் சேர்ந்து இருப்போம். உனக்கென்று எடுத்து வைத்திருக்கும் அரக்கு நிறச் சேலைக்கு ஃபால்ஸ் தைத்துவிட்டேன்.

ஆடி பிறக்கும் முன்பே ஆற்றங்கரைக் காற்று இங்கே புழுதியை அள்ளிக்கொண்டு வருகிறது. ஆனாலும் இந்த வருஷம் ஜன்னலைத் திறந்தே வைத்திருக்கிறேன். மனசு அப்படி இருக்கிறது.

நீங்கள் மூன்று பேரும் ஒரே வீட்டில் நிறைந்து வாழ வேண்டும்.

அத்தை,
வசுந்தரா

*

செல்லூர், மதுரை.
27-8-2000

என் மகள் சுலோசனாவுக்கு,

ஹரிராமின் வருஷத் திதி முடிந்து நீ ஊர் போய்ச் சேர்ந்த விவரம் தெரிந்தது. இரண்டு நாள் இங்கே இருந்தும் சொந்தக்காரர்கள் சூழ்ந்திருந்ததால் நாம் தனியாக ஒரு வார்த்தை பேச முடியவில்லை. போய் எழுதிய கடிதத்தில் நீ ஒரு கேள்வி கேட்டிருக்கிறாய். "நான் போன வருஷம் மே மாதமே அவரோடு கிளம்பி வந்திருந்தால் இன்றைக்கு இருந்திருப்பாரா அத்தை?" என்று. வராதே என்று சொன்னவள் நான். அதனால் பதில் சொல்ல வேண்டியவளும் நான்தான்.

அன்றைக்கு நடந்ததை உனக்கு யாரும் முழுதாகச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மாரடைப்பு என்று எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி, உன்னிடமும் அதையே பாதி சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

அன்று காலையில் எந்த வித்தியாசமும் இல்லை. சாப்பிட்டான். டிபன் கேரியரை எடுத்துக்கொண்டான். குழந்தைக்கு ஒரு சின்னக் காற்றாடி செய்து அனுப்ப வேண்டும், பழைய மோட்டார் ஒன்று கிடக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனான். தாமிரக் கம்பி வாங்க கோரிப்பாளையம் போயிருக்கிறான். அங்கே பழைய சிநேகிதர்கள் யாரையாவது பார்த்தானா, இரண்டு நாளாகப் பெய்த மழையில் தொடை வலித்ததா, அல்லது சும்மா ஒரே ஒரு தடவை என்று நினைத்தானா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று எத்தனையோ பேரிடம் கேட்டுப் பார்த்தேன். பதில் கிடைக்கவில்லை. கிடைக்காது என்று இப்போது ஒத்துக்கொண்டுவிட்டேன்.

மத்தியானம் சாப்பாட்டுக்குக் கூப்பிட இஸ்மாயில் போயிருக்கிறார். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே குறட்டைச் சத்தம். அதற்குப் பிறகு நடந்ததை அவர் வாயாலேயே கேட்டேன். பதினாறாம் நாள் வந்து வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, உள்ளே வரமாட்டேன் என்று சொல்லி அழுதார். "நல்லா கொர்கொர்னு சத்தமா கொறட்டை விட்டாம்மா. அம்புட்டு வேலை பாத்த அசதி, தூங்கட்டும்னு நெனைச்சேன். எழுப்ப மனசு வரலை. நானே ஷட்டரை இன்னும் கொஞ்சம் இறக்கிவிட்டுட்டு வந்தேம்மா, வெளிச்சம் படாம இருக்கட்டும்னு. சாயங்காலம் டீக்குக் கூப்பிடப் போறப்ப சத்தமே இல்லை. ஒதடெல்லாம் நீலமா இருந்துச்சு."

டாக்டரம்மா பிறகு எனக்கு விளக்கினார். அது தூக்கத்துக் குறட்டை இல்லையாம். மருந்து மூச்சை அடக்கும்போது தொண்டை அடைத்து வருகிற சத்தமாம். தட்டி எழுப்பி, எழாவிட்டால் ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருந்தால், மாற்று ஊசி போட்டுக் காப்பாற்ற வாய்ப்பு இருந்திருக்குமாம். அவர் எச்சரித்த மாதிரியேதான் நடந்திருக்கிறது. போட்டது பழைய அளவு. உடம்பு பழைய உடம்பு இல்லை.

இந்த விவரத்தை நான் இஸ்மாயிலிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். நீயும் சொல்லாதே. என் பிள்ளை நன்றாகத் தூங்குகிறான் என்று நம்பி வெளிச்சத்தை மறைத்துவிட்ட மனுஷன். அவர் ரம்ஜானுக்குக் கஞ்சி கொடுத்தனுப்பியபோது பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க நானே பட்டறைக்குப் போனேன். என்னைக் கண்டதும் வெல்டிங்கை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார். "கஞ்சி நல்லா இருந்துச்சு இஸ்மாயில், வர்ற வருஷமும் குடுத்துவிடு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். நீ வந்திருந்தால்? கடையிலிருந்து வீட்டுக்கு நாலு தெரு. நான் அந்த வீட்டில்தான் இருந்தேன். பக்கத்துச் சுவருக்கு அந்தப்புறம் இஸ்மாயில் இருந்தார். இரண்டு பேரும் அவன்மேல் உயிராக இருந்தோம். அது போதவில்லை. நீ இருந்திருந்தால் கூட ஓர் ஆள் இருந்திருப்பாய். அவ்வளவுதான். ஒருவேளை உன் குழந்தை அந்த ஷட்டருக்குக் கீழே குனிந்து அப்பா என்று உள்ளே போயிருப்பாள். அதை நினைத்தால் வராதே என்று எழுதிய கைக்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன். அதே சமயம், வீட்டில் விளக்கேற்றும்போது அவள் ஓடிவரவில்லையே என்று அந்தக் கையின்மேலேயே கோபமும் வருகிறது. இரண்டும் இருக்கிறது, சுலோசனா. எதையும் உன்னிடம் மறைக்கவில்லை.

அவன் உன்மேல் ஆசை இல்லாமல் அதைத் தொடவில்லை. ஆசை இருந்தும் தொட்டான். அந்த மருந்து அப்படிப்பட்டது. இதை மட்டும் நீ நம்பினால் போதும்.

வர்ஷினி வளர்ந்து கேட்பாள். மாரடைப்பு என்று சொல்லிவிடாதே. ஊரில் நாலு பேருக்கு நாம் சொன்ன பொய் ஊரோடு போகட்டும். வயது வந்ததும் அவளுக்கு உள்ளதைச் சொல். உன் அப்பா கெட்டவர் இல்லை, ஒரு நோய் வந்து ஒரு தடவை மீண்டார், இரண்டாம் தடவை மீளவில்லை என்று சொல். அவளுக்கோ அவள் சிநேகிதிகளுக்கோ வலி என்று யாராவது ஊசியையோ மாத்திரையையோ விளையாட்டாக நீட்டினால், அவளுக்குத் தன் அப்பாவின் முகம் ஞாபகம் வர வேண்டும்.

இனி உன் அப்பா எனக்கு எழுதியிருக்கும் விஷயம். பரமக்குடி வாத்தியார் வீட்டு ஜாதகம் பற்றி. மாப்பிள்ளை மனைவியைப் பிரசவத்தில் இழந்தவர், சாந்தமானவர், குழந்தையையும் தன் குழந்தையாக ஏற்றுக்கொள்கிறேன் என்கிறார், ஆனால் சுலோசனா 'அத்தை தனியாகிவிடுவார்கள்' என்று சொல்லி மறுக்கிறாள், நீங்கள்தான் பேச வேண்டும் என்று எழுதியிருக்கிறார். படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. என்னைக் காரணம் காட்டி நீ உன் வாழ்க்கையை மூடி வைக்காதே. எனக்குத் தைக்கச் சேலை வருகிறது. கோயில் பக்கத்தில் இருக்கிறது. பேச இஸ்மாயில் பெண்டாட்டி சைனப் தினமும் வருகிறாள். நான் இருந்துகொள்வேன்.

சம்மதம் சொல். அவர் எதிரிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் நீயே சொல்லிவிட்டுச் சம்மதம் சொல். கேட்டுவிட்டு எழுந்து போகிறவர் என்றால் போகட்டும். உட்கார்ந்திருந்தால் நல்லவர்.

கல்யாணத்துக்கு என்னை அழைக்க வேண்டாம். உனக்குச் சங்கடம் வேண்டாம், அவர்களுக்கும் வேண்டாம். குழந்தை பழைய வீட்டுக்குப் போக்குவரத்து வைத்துக்கொள்ள வேண்டாம் என்று அவர்கள் நினைத்தாலும் நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். புது வீட்டில் அவள் மனசு ஊன்ற வேண்டும். நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். எல்லாம் நல்லபடி முடிந்த பிறகு எனக்கு ஒரு கார்டு போடு. உள்ளே எதுவும் எழுத நேரம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அனுப்புநர் இடத்தில் வர்ஷினியைவிட்டு அவள் பெயரை எழுதச் சொல். பெயருக்கு முன்னால் புது அப்பாவின் முதலெழுத்தைப் போட்டு எழுதச் சொல். அதைப் பார்த்தால் எனக்குப் போதும்.

பெருமாள் புண்ணியத்தில் நீ நூறு வருஷம் நிறைந்திரு, மகளே.

உன் அம்மா,
வசுந்தரா